மதியம் வரை மட்டும்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பெரியவர்களுக்கு அவர் பேட்டரிக்காரர், பிள்ளைகளுக்குப் பேட்டரித் தாத்தா. தலை நரைக்கும் முன்பே, ஒரு பிள்ளைகூடப் பெறாமலே தாத்தா ஆனவர். கடை என்னவோ சாதாரண மளிகைக் கடைதான். சோப்பு, ரொட்டி, பால், நூல்கண்டு, மெழுகுவர்த்தி, எலிப்பொறி என்று கைக்கு எட்டுகிற இடத்தில் எல்லாம் ஏதாவது தொங்கும். பேட்டரி ஒரு ஓரத்து அட்டைப்பெட்டியில் கிடக்கும். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த ஓரத்து அட்டைப்பெட்டிதான்.

கிறிஸ்துமஸ் அன்று ஊரில் ஒரு கடைகூடத் திறக்காத காலம் அது. காலையில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்தைக் கிழிப்பார்கள். ரயில் இருக்கும், கார் இருக்கும், கண்ணை உருட்டும் கரடி இருக்கும். ஒன்றும் நகராது. பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் 'பேட்டரி தனி' என்று போட்டிருப்பான். பிள்ளை அழும், அம்மா முறைப்பாள், அப்பா ராத்திரி உடுப்பின் மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடி வருவார்.

ஒரு வருடம் பேட்டரிக்காரர் குளிர்பெட்டி ஓடுகிறதா என்று பார்க்கத்தான் ஷட்டரைப் பாதி தூக்கினார். அதற்குள் மூன்று அப்பாக்கள் குனிந்து உள்ளே வந்துவிட்டார்கள். அடுத்த வருடம் முழுதாகத் தூக்கினார். அதற்கடுத்த வருடத்திலிருந்து அது ஊருக்குத் தெரிந்த வழக்கமாகிவிட்டது.

"ஏன் சார், இவ்வளவு பெரிய பொம்மை வாங்கத் தெரிஞ்சவருக்கு ரெண்டு பேட்டரி வாங்கத் தெரியலையா?" என்று கேட்பார்.

"திட்டிக்கிட்டே குடுங்க, பரவாயில்ல. வீட்ல உள்ள விட மாட்டேங்கறாங்க" என்பார் வந்தவர்.

பேட்டரிக்குப் பின்னால் பால் போகும், பால் வாங்க வந்தவரிடம் ரிப்பனும் மெழுகுவர்த்தியும் போகும். மற்ற மாதங்களில் கடை மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடும். அந்த ஒரு நாள்தான் அதற்கு நிமிர்ந்து நிற்கத் தெம்பு கொடுத்தது.

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே அவர் மனைவி காலையிலிருந்து அடுப்படியில் நின்று கோழி சுட்டு, கேக் செய்து, மேசைக்கு நல்ல துணி விரித்து வைப்பாள். மேசையில் அவளும் அவள் தம்பியும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கணவருடைய தட்டு மூடியே இருக்கும். அவர் வரும்போது தெருவிளக்கு எரிந்திருக்கும். சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள்.

"ஊர்ல இருக்கற பொம்மையெல்லாம் ஓடணும், நம்ம வீடு மட்டும் அப்படியே நிக்கணும்" என்பாள்.

"ஒரு நாள்தானே" என்பார் அவர்.

"அதான் நானும் சொல்றேன். ஒரு நாள்தானே."

தம்பி என்றால் அவளுக்குப் பதினோரு வயது இளையவன். பெற்றோர் இருவரும் ஒரே பேருந்து விபத்தில் போனபிறகு, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பேட்டரிக்காரர் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. தனக்குப் பிள்ளை இல்லை என்ற குறையையும் அவனை வைத்தே மறந்தார். அவனும் மாமா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். கல்யாணப் பேச்சு மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் பாதி வழியில் நின்றுபோக, அந்த வீட்டின் பின்னறையிலேயே தங்கிவிட்டான்.

பழைய பஸ் பணிமனை இருந்த இடத்தில் பெரிய கடை வந்தது. அதற்கு வேறு பேர் இருந்தது, ஆனால் ஊர் அதைப் பெரிய கடை என்றுதான் சொன்னது. உள்ளே போனால் ஊசியிலிருந்து கட்டில் வரை இருந்தது. கொஞ்ச நாளில் பேட்டரிக்காரர் கடையில் தராசு சும்மா ஆடத் தொடங்கியது.

கடையில் அவருக்குக் கூடமாட நின்ற மச்சினன் ஒரு நாள் மெதுவாகச் சொன்னான். "மாமா, இந்தக் கடையில ரெண்டு பேர் நின்னா வாங்க வர்றவங்களுக்கு நிக்க இடமில்ல."

வருகிறவர்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. அவன் சொல்ல வந்ததும் அதுவல்ல. "போ. ஒரு ஆளாவது மாசச் சம்பளம் வாங்கட்டும்" என்றார். அவன் பெரிய கடையில் கிடங்கு ஆளாகச் சேர்ந்து, பெட்டி தூக்கி, முதுகு பிடித்து, கடைசியில் கழுத்தில் அட்டை தொங்கும் சூப்பர்வைசர் ஆனான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அட்டையை அவளே துடைத்துக் கொடுப்பாள்.

அப்போதும் கிறிஸ்துமஸ் மட்டும் பேட்டரிக்காரருடையதாகவே இருந்தது. பெரிய கடையும் அன்று மூடியிருக்கும். பிறகு ஒரு வருடம், பண்டிகைக்கு முந்தின வாரம், மச்சினன் கடைக்கு வந்து எடைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றான்.

"என்னடா, கல்லை எண்ணவா வந்தே?"

"இல்ல மாமா. இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாங்களும் திறக்கறோம்."

திறப்பதைவிட அந்த 'நாங்க'தான் அவருக்கு உறைத்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. "திறங்க, திறங்க. ஊர் பெரிசு" என்றார்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். பணம் கொழுத்தவனுக்கு ஒரு நாள் சும்மா இருக்க முடியவில்லையே என்றார். அவள் துணியை மடித்துக்கொண்டே, "நீங்க திறந்ததைப் பார்த்துத்தானே அவங்களும் திறக்கறாங்க" என்றாள். குத்திக்காட்டச் சொன்ன மாதிரி இல்லை. உண்மையைச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அவர் விடிந்ததும் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தார். தெருவில் ஆள் போனார்கள், வந்தார்கள். போனவர்கள் வெறுங்கையோடு போனார்கள், வந்தவர்கள் பெரிய கடையின் பச்சைப் பையோடு வந்தார்கள். மதியம் ஒரு பெண்மணி கடை வாசலில் வந்து நின்றாள். பேட்டரிக்காரர் எழுந்துவிட்டார். அவள் பெரிய கடைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி கேட்டாள். படியிறங்கி வந்து, திருப்பம் வரை கூடவே நடந்து, காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள். அறுத்த பிறகு அது ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். நல்ல டாக்டர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வலி இல்லாம பார்த்துக்குங்க" என்று சொல்லி ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த மருந்தைக் குடித்தால் வலி போய்விடும், கூடவே அவளும் போய்விடுவாள். கண் திறந்திருக்கும், பேச்சு குழறும், எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. மருந்து விலை யானை விலை. பெரிய கடை தன் ஊழியர்களின் வீட்டார் வைத்தியத்தில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. அக்காவைத் தாய் என்ற இடத்தில் பதிந்து வைத்திருந்தான் மச்சினன். மருந்து வந்துகொண்டிருந்தது அந்த வழியில்தான்.

டிசம்பர் வந்ததும் அவள் ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள். கிறிஸ்துமஸ் அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேட்டரிக்காரர் கடையைத் திறக்கப் போவதில்லை. பெரிய கடைக் கதவிலும் 'கிறிஸ்துமஸ் அன்று மதியம் வரை மட்டும்' என்று ஒட்டியிருந்தார்கள். "மதியம் வந்துடுவேன்க்கா, சட்டைகூட மாத்தாம நேரா மேசைக்குத்தான்" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

கிறிஸ்துமஸ் காலையில் அவள் மருந்தை வேண்டாம் என்றாள்.

"வலிக்குமே" என்றார் கணவர்.

"வலிக்கட்டும். நான் யார்கூட சாப்பிடறேன்னு எனக்குத் தெரியணும்."

படுக்கையை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவள் சொல்லச் சொல்ல அவரே கோழியைக் கழுவி, மசாலா தடவி, அடுப்பில் வைத்தார். உப்பை எடுத்தால் "போதும்", மிளகை எடுத்தால் "இன்னும்" என்று அவள் படுக்கையிலிருந்தே சமைத்தாள். இத்தனை வருடத்தில் இந்த மனுஷனுக்கு வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லையே என்று சிரித்தாள். சிரித்ததில் வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மதியம் ஆனது. மச்சினன் வரவில்லை. கோழி மேசைக்கு வந்தது, ஆறியது, மறுபடி அடுப்புக்குப் போனது. அவள் கைகள் போர்வையைப் பிசையத் தொடங்கியிருந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "பெரிய கடையில இன்னிக்கு அடிதடித் தள்ளுபடியாம். நாளைக்குப் போட வேண்டியதை இன்னிக்கே போட்டுட்டாங்களாம். சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும்னு மைக்ல சொல்றாங்க" என்றாள்.

பேட்டரிக்காரர் செருப்பை மாட்டினார். "கொஞ்சம் இவகூட இரும்மா. நான் போய்ப் பயலை இழுத்துட்டு வரேன்."

பெரிய கடை வாசலில் தேர்த் திருவிழாக் கூட்டம். கதவில் ஒட்டியிருந்த தாளில் 'மதியம்' என்பதை அடித்து மேலே 'மாலை' என்று எழுதியிருந்தார்கள். காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"வரிசைல வாங்க ஐயா."

"நான் வாங்க வரலைப்பா. உள்ள வேலை செய்யற ஆளைக் கூப்பிட வந்தேன்."

"இன்னிக்கு எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒருத்தர் ஆம்புலன்ஸ்லயிருந்து வரேன்னு சொல்லிட்டு உள்ள போய் டிவி தூக்கிட்டு வந்தார்" என்றான் காவலாளி.

வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பினார். பழைய வாடிக்கையாளர், பள்ளிக்கூட வாத்தியார். வருடா வருடம் ராத்திரி உடுப்போடு பேட்டரிக்கு ஓடி வந்தவர். இவரைப் பார்த்ததும் வாத்தியாருக்கு முகம் போன போக்கு சரியில்லை. "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார். பக்கத்தில் தள்ளுவண்டியில், ஏற்கெனவே ஒரு நடை உள்ளே போய் வாங்கி வந்த, அவரைவிட உயரமான பெட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பேட்டரிக்காரருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இதே நாளில், இதே முகங்கள், தன் கடை வாசலில் வரிசை கட்டியபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் யாரோ ஒருத்தி வீட்டில் தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தாள்.

உள்ளே பாட்டும் பளபளப்பும் மண்டையைக் குடைந்தன. பில் போடும் கடைசி மேசையில் மச்சினன் நின்று பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஆள் பற்றாமல் சூப்பர்வைசரையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். தலையில் வெள்ளைக் குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாய். எல்லோருக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல. மருந்து குடிக்காம உனக்காக உக்காந்திருக்கா. தாங்க மாட்டாடா இனிமே. வா."

அவன் குல்லாயைக் கழற்றினான். பையை அப்படியே விட்டுவிட்டு மேசையைச் சுற்றி வந்தான். அப்போது மேனேஜர் வந்தாள். முப்பதைத் தாண்டாத பெண், தொண்டை கட்டியிருந்தது, கையில் இருந்த போனில் ஒரு குழந்தை "எப்பம்மா வருவே" என்று கத்திக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள்.

"போங்கண்ணா. நான் தடுக்க மாட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இன்னிக்கு நடுவுல போறவங்க பேரை மேலிடத்துல கேட்டிருக்காங்க. நான் சொல்லலைன்னாலும் கேமராவுல தெரியும். நாளைக்கு நீங்க இங்க இருப்பீங்களான்னு எனக்குத் தெரியாது. உங்கக்கா மருந்து... அதையும் யோசிச்சுக்குங்க."

"வேலை போனா போகட்டும்" என்றான் மச்சினன்.

பேட்டரிக்காரர் அவனைப் பார்த்தார். நாளைக்கும் வலி வரும். நாளை மறுநாளும் வரும். அப்போது மருந்து எங்கிருந்து வரும்? இழுத்துப் போகத்தான் வந்தார். ஆனால் அவர் கை அவனுடைய கையிலிருந்த குல்லாயை வாங்கியது. வாங்கி அவன் தலையில் மாட்டி, சின்ன வயசில் பள்ளிக்கு அனுப்பும்போது முடியைச் சரி செய்வது போல இரண்டு பக்கமும் இழுத்துவிட்டது.

"இரு. முடிச்சுட்டு வா. நான் அவகிட்ட சொல்லிக்கறேன்."

வரிசையில் யாரோ "சீக்கிரம்ப்பா" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து "வந்துக்கிட்டே இருக்கான்" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தையல்காரம்மா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெயில் சன்னலை விட்டு இறங்கியபோது மனைவி மருந்துக்குக் கையை நீட்டினாள்.

"குடுங்க. முடியல." குடித்துவிட்டு, "கோழியை மூடி வைங்க. அவன் பசியோட வருவான்" என்றாள்.

மச்சினன் ஓடி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. குல்லாயைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தான். படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "அக்கா, அக்கா" என்றான். அவள் கண்ணைத் திறந்தாள். பார்வை அவன் மேல் நின்றது, பிறகு நகர்ந்து கணவர் மேல் நின்றது. யாரைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"கடை மூடியாச்சா?" என்றாள்.

யாரைக் கேட்டாளோ. இரண்டு பேரும் ஒரே குரலில், "மூடியாச்சு" என்றார்கள்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மருந்து இல்லாத நேரம் என்று ஒன்று அவளுக்கு வரவில்லை. புது வருடம் பிறந்து சில நாளில், ஒரு விடியலில், தண்ணீர் கேட்டாள். கொண்டுவருவதற்குள் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தையல்காரம்மாதான் சொன்னாள். அன்று இவர் பெரிய கடைக்குப் போயிருந்தபோது, மனைவி மேசையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாளாம். "கிறிஸ்துமஸ் சாப்பாட்டை இவரும் என் தம்பியும் எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல. ஒரு வருஷம் ஒருத்தர் இருந்தா ஒருத்தர் இல்ல. அதைப் பார்க்கத்தான் உசுரைப் பிடிச்சுட்டு இருக்கேன்" என்றாளாம். பேட்டரிக்காரர் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுத சத்தத்தைத் தெரு அன்றுதான் முதல்முதலாகக் கேட்டது.

மாமனும் மச்சினனும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஆனால் பேச்சு அறுந்த பட்டம் போல ஆகிவிட்டது. சண்டை இல்லை. உப்பை எடு, விளக்கை அணை, இவ்வளவுதான். ஒரு நாள் மச்சினன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"நான் வந்திருப்பேனே மாமா. ஏன் என்னை நிறுத்தினீங்க?"

"மருந்துக்காக."

"அது தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கறே?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "வேற யார்கிட்ட கேக்கறது?" என்றான்.

அந்த வருடமே பேட்டரிக்காரர் கடையை விட்டுவிட்டார். போன் ரிப்பேர் பண்ணுகிறவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் பொம்மைகளும் போன் மாதிரி கம்பி மாட்டினால் உயிர் வருகிறவைதான். பேட்டரி என்று யாரும் ஓடி வருவதில்லை. பெயர் மட்டும் இவரோடு ஒட்டிக்கொண்டது. மச்சினன் பெரிய கடையிலேயே இருந்தான். ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டாலும் வேறு எங்கே போவான்?

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. பெரிய கடை காலையிலிருந்து இரவு வரை என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். அன்று பேட்டரிக்காரர் எழுந்து, கோழி வாங்கி வந்து, நினைவிலிருந்ததை வைத்துச் சமைத்தார். எது 'போதும்', எது 'இன்னும்' என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு பக்கம் கருகியது. இரண்டு அடுக்குத் தூக்கில் போட்டு மூடி, பெரிய கடைக்கு நடந்தார். முன்வாசலில் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம், சரக்கு லாரி வந்து நிற்கிற இடத்துக்குப் போனார். கிடங்குக் கதவோரம் நின்ற ஆளிடம் சொல்லியனுப்பினார்.

மச்சினன் குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மாமாவையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மாமா இது?"

"சாப்பாடு. எவ்வளவு நேரம் விடுவாங்க?"

"கால் மணி குடுத்திருக்காங்க. கூட்டம் இருந்தா பாதியில கூப்பிடுவாங்க."

"அப்ப உக்காரு. பேசாதே."

காலி அட்டைப்பெட்டி ஒன்றை நடுவில் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குளிர்காற்று அடித்தது. மச்சினன் ஒரு துண்டைக் கடித்து, மென்று, மென்றுகொண்டே இருந்தான். "உப்பே இல்ல மாமா" என்றான். சொன்னதும் அவன் முகம் கோணிக்கொண்டது. கண்ணீர் மூக்கோரமாக இறங்கி வாய்க்குள் போனது. துடைக்காமல் அடுத்த வாய் எடுத்தான்.

"இப்ப சரியா இருக்கும்" என்றார் பேட்டரிக்காரர். தானும் தின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் சொன்னான். "அடுத்த வருஷம் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கப் போறாங்களாம்."

"ராத்திரியில எவன் வருவான்?"

"வருவாங்க மாமா. திறந்திருந்தா வருவாங்க."

உள்ளேயிருந்து ஒலிபெருக்கி அவனைக் கூப்பிட்டது. கையைப் பெட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். குல்லாயை மாட்டிக்கொண்டு, ஏதோ சொல்ல வந்து, "வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போயிடுங்க, இருட்டினா உங்களுக்குக் கண்ணு தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். பாதி தின்ற துண்டு தூக்கு மூடியில் கிடந்தது. பேட்டரிக்காரர் அதை எடுத்து, எலும்பு தெரியும்வரை மெதுவாகத் தின்று முடித்தார்.